ஒரே கம்ப்யூட்டர், மூன்று திரை

போன வாரம் என் மகள் தன் அலுவலக சர்வரை ஐந்தாறு கம்ப்யூட்டர்களாகப் பிரித்துக்கொண்டிருந்தாள். இருப்பது ஒரே பெட்டி. உள்ளே ஒவ்வொன்றும் தனி ஆள் போல ஓடுமாம். மெய்நிகர்க் கணினி என்று பெயர். அதற்கு இரண்டு மென்பொருள்களில் எதை எடுப்பது என்று யோசனை. "எதுல ஒண்ணுக்குள்ள இன்னொண்ணு பூந்துக்க முடியாதோ, அதைய எடு" என்றேன். "எதைப் பார்த்தாலும் சந்தேகந்தானாப்பா?" என்று சிரித்தாள். உண்மைதான். சந்தேகப்படுவதில் எனக்கு நல்ல அனுபவம் உண்டு. பெரும்பாலும் தப்பான ஆள் மேல்.

எண்பதுகளின் கடைசியில் நல்லம்பள்ளிப் பக்கம் ஒரு மாம்பழக்கூழ் ஆலையில் வேலை பார்த்தேன். சீசனில் ஆலை வருவதற்கு முன்பே வாசனை பஸ்ஸுக்குள் ஏறிவிடும். எல்லோரும் மூக்கை விரிப்பார்கள்; எனக்கு மட்டும் அதில் ஏதோ புளித்த வாடை இருக்கிறதோ என்று தோன்றும். ஆறு மாதம் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போனவன் என்பதால் புதிதாக வந்த கம்ப்யூட்டர் என் பொறுப்பு. பெட்டி ஒன்றுதான். அதிலிருந்து ஒயர் இழுத்து ஆய்வுக்கூடம், குடோன், ஆபீஸ் மூன்றிலும் திரை.

பெங்களூரிலிருந்து வந்த விற்பனையாளர் இரண்டு மென்பொருள்களைக் காட்டினார். ஒன்று வேகமானது, மூன்று பேரும் ஒரே இடத்தில் எழுதலாம். இன்னொன்று மெதுவானது, ஒவ்வொரு திரையையும் தனிக் கம்ப்யூட்டராகவே நடத்தும். "இதையே போடுங்க சார். ஒருத்தர் வூட்டுல இன்னொருத்தர் நுழைய முடியாது" என்றார் எல்லைப்புறத் தமிழில். ஒரு தடவை சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். நாலு தடவை சொன்னார். கமிஷன் ஏதோ இருக்கிறது என்று முடிவுகட்டி, வேகமானதையே போட்டேன்.

ஆய்வுக்கூடத்தில் இருந்தவர் மெஹருன்னிசா அக்கா. ஒவ்வொரு பேட்ச்சிலும் சில டின்களைச் சூட்டில் வைத்துப் பார்ப்பார். டின் உப்பினால் கூழ் கெட்டுவிட்டது. 'ஹோல்ட்' என்று பதிவார்; அந்தச் சரக்கு வெளியே போகக்கூடாது. இல்லாவிட்டால் 'ஓகே'.

ஒரு நாள் காலை, கேட்டருகே நின்ற லாரியில் பெட்டிகளின் எண்ணைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார். "இந்த பேட்ச்ச நான் ஹோல்டுல போட்டிருந்தனே! இதைய யாரு ஏத்துனது?"

மேனேஜர் திரையைக் காட்டினார். ஓகே என்றிருந்தது. "உங்க ரிப்போர்ட்தானம்மா இது?"

அக்கா என்னைப் பார்த்தார். எந்தத் திரையிலிருந்தும் அதை மாற்றலாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் பழி என் மேல் வரும். தவிர, அக்காதான் கை தவறி அடித்திருப்பார் என்றே நினைத்தேன். வாயைத் திறக்கவில்லை.

அக்கா லாரிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். "ரெண்டு டின்னத் தொறந்து பாருங்க. அப்புறம் வண்டிய எடுங்க."

திறந்தார்கள். நுரைத்து வழிந்தது. சரக்கு இறங்கியது. ஆனால் தப்பாகப் பதிந்தவர் என்ற பேர் அக்காவுக்கு ஒட்டிக்கொண்டது.

மூன்று நாள் கழித்துத்தான் அந்தப் பதிவு மாறிய தேதியைப் பார்க்கத் தோன்றியது எனக்கு. அன்று அக்கா பாப்பாரப்பட்டியில், தங்கை கல்யாணத்தில். நானே போய் பிரியாணி சாப்பிட்டு வந்தவன்! மேனேஜரிடம் சொன்னேன். தலையாட்டினார். யார் மாற்றியது என்று அவர் கேட்கவே இல்லை. அது இன்றுவரை எனக்கு உறுத்துகிறது.

அந்த வாரமே மெதுவான மென்பொருளைப் போட்டுவிட்டு ஆய்வுக்கூடத்துக்குப் போனேன்.

"அக்கா, இனிமே உங்க பதிவ வேற யாரும் தொட முடியாதுங்க."

"செரி தம்பி. அன்னைக்கு லாரிகிட்ட நீங்களும் என்னையத்தான சந்தேகப்பட்டீங்க?"

கேட்டுவிட்டு அவர் திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

அடுத்த சீசனுக்கு அவர் வேலைக்கு வரவில்லை. ஆலையும் ரொம்ப நாள் ஓடவில்லை. இப்போது அங்கே வீட்டுமனைக் கொடிகள் பறக்கின்றன; எந்த இடத்தில் எந்தத் திரை இருந்தது என்று காட்ட ஒரு சுவர்கூட இல்லை. பாப்பாரப்பட்டியில் ஒருமுறை விசாரித்தேன். குடும்பமே ஓசூர்ப் பக்கம் போய் ரொம்ப வருஷமாச்சு என்றார் ஒரு கடைக்காரர். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "நீங்க யாருங்க அவங்களுக்கு?" என்று கேட்டார்.

கூட வேலை பார்த்தவன் என்று சொல்லக்கூட எனக்குக் கூச்சமாக இருந்தது.