கெரிச்சோவில் மழை இல்லை

போன வாரம் குன்னூர் மார்க்கெட்டில் காய் வாங்கிக்கொண்டு திரும்பும்போது, ஒரு மாட்டுத்தீவனக் கடையில் மக்காச்சோளம் அரைத்துக்கொண்டிருந்தார்கள். சூடான மாவின் வாசனை மூக்கில் ஏறியதும் கால் தானாக நின்றுவிட்டது. கடைக்காரர், "ஏனுங்க, மாடு வெச்சிருக்கறீங்களா?" என்றார். "இல்லீங்க, நாந்தான் ரெண்டு வருஷம் இதையே தின்னேன்" என்றேன். என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு வேறு ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. கென்யாவுக்குப் போய்க் களி தின்ற கதையைக் கடை வாசலில் நின்று சொல்ல முடியுமா? உங்களிடம் சொல்லலாம்.

தேயிலை விலை விழுந்து கிடந்த காலம் அது. கொழுந்து கிள்ளுகிற கூலிக்குக்கூடக் கட்டாமல் பலர் செடியை அப்படியே காடாக வளரவிட்டார்கள். நான் டீ மேக்கராக இருந்த சின்ன ஃபேக்டரியை ஒரு திங்கட்கிழமை பூட்டினார்கள். டீ மேக்கர் என்றதும் டீக்கடையில் டீ ஆற்றுகிறவன் என்று நினைத்து ஒரு வீட்டில் எனக்குப் பெண் கொடுக்காமல் விட்டதுண்டு. அப்படியில்லை. பச்சை இலை வாடுவதிலிருந்து தூளாகி மூட்டைக்குள் போகிறவரை, தொட்டும் மோந்தும் பதம் சொல்கிற வேலை. ஊரில் பாதிப்பேர் திருப்பூர் பனியன் கம்பெனிக்கு இறங்கினார்கள். எனக்குத் தையலும் தெரியாது, வெயிலும் ஆகாது. பழைய மேனேஜர் ஒருவர், கென்யாவில் கெரிச்சோ பக்கம் ஒரு ஃபேக்டரிக்கு ஆள் கேட்கிறார்கள் என்றார். கிளம்பிவிட்டேன். பெட்டியில் துணியைவிட வரமிளகாயும் மொறுமொறு ஊட்டி வர்க்கியும்தான் அதிகம். வர்க்கி போய்ச் சேர்வதற்குள் தூளாகிவிட்டது. ஒரு வாரம் ஸ்பூனால் அள்ளித் தின்றேன்.

அங்கே கேண்டீனில் சமைப்பவர் கிரேஸ் என்ற அம்மாள். முதல் நாள் மதியம் ஒரு தட்டில் வெள்ளைவெளேரென்று மக்காச்சோள உருண்டையும், பக்கத்தில் வதக்கிய கீரையும் வைத்தார். உகாலி என்று பெயர் சொன்னார். அட, களிதானே! எங்கள் வீட்டில் ராகிக் களியைப் பிய்த்துக் குழம்பில் தோய்த்து, மெல்லாமல் விழுங்குவோம். மென்றால் அம்மா திட்டுவாள். அதே நினைப்பில் ஒரு பெரிய உருண்டையை அப்படியே உள்ளே தள்ளினேன். ராகி மாதிரி அது வழுக்கிக்கொண்டு போகவில்லை, நடுவழியில் நின்றுவிட்டது. கண் பிதுங்கியது. கிரேஸ் ஓடிவந்து முதுகில் விட்ட குத்து இன்னும் நினைவிருக்கிறது. பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, கட்டை விரலால் குழி செய்து, அதில் கீரையை அள்ளி, பற்களைக் காட்டி நன்றாக மென்று காண்பித்தார். முப்பத்தொரு வயதில் சாப்பிடக் கற்றுக்கொண்டேன்.

வயிறு அடங்கியது. மனசுதான் அடங்கவில்லை. வேலை முடிந்தால் அறைக்குள் இருப்புக் கொள்ளாது. கேட் வரைக்கும் நடப்பேன், திரும்பி வருவேன், மறுபடி நடப்பேன். மலை எங்கள் மலை மாதிரியே இருக்கும், செடியும் அதே செடி. ஆனால் பாதையில் எதிரே வருகிற யாரும் "எங்கீங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்கமாட்டார்கள். தினமும் மதியம் இரண்டு மணிக்கு மேல் வானம் கறுத்து மழை கொட்டும். மறுநாள் கொழுந்து பொங்கிக்கொண்டு வரும். அப்படி ஒரு இலையை நான் அதற்கு முன் கையால் தொட்டதில்லை. அதிலிருந்து நல்ல தூள் போட்டேன், பெருமையாகவும் இருந்தது. அந்தத் தூள் உலகச் சந்தைக்குப் போய் எங்கள் குன்னூர்த் தூளைத்தான் கீழே தள்ளுகிறது என்பது தெரியாமலும் இல்லை.

ஞாயிறு மதியம் டவுனுக்குப் போய் சரசக்காவுக்குப் போன் செய்வேன். அக்கா என்னைவிட ஒன்பது வயது மூத்தவள். குன்னூருக்குக் கீழே அவளுக்கு அரை ஏக்கர் தேயிலை, அவள் கையால் நட்டது. மாமா அதற்குள் திருப்பூருக்குப் போய் ஒரு கம்பெனியில் சேர்ந்துவிட்டார். நிலத்தை விற்றுவிட்டு நீயும் வா என்று அவளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். வாங்கவும் ஒருவர் தயாராக இருந்தார். அக்காவுக்கு மனசு வரவில்லை. பக்கத்து மளிகைக்கடையில் போனைப் பிடித்து நின்றுகொண்டு வாராவாரம் ஒன்றைத்தான் கேட்பாள்:

"அங்க மழையா கண்ணு?"

தேயிலைக்காரர்கள் எல்லோருக்கும் உள்ள புத்தி இது. மற்ற ஊரில் காய்ந்தால் நம் ஊரில் விலை ஏறும். நான் போய் ஆறு மாதம் இருக்கும், ஒரு நாள் ஆலங்கட்டி மழை கொட்டி ஒரு பக்கத்துச் செடிகளைக் கிழித்துப்போட்டது. அதை அக்காவிடம் சொன்னேன். "அப்ப இனி வெல ஏறுமா சாமி?" என்றாள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் குரல் நன்றாக இருந்தது. "ஏறும்க்கா" என்றேன்.

பத்தே நாளில் அந்தச் செடிகளும் துளிர்த்துவிட்டன. அதை மட்டும் சொல்ல வாய் வரவில்லை. அடுத்த வாரம், மழை குறைந்துவிட்டது என்றேன். அதற்கடுத்த வாரம், சுத்தமாக இல்லை என்றேன். போன் கூண்டுக்கு மேலே தகரத்தில் மழை அடிக்கிற சத்தம் அவளுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று ரிசீவரோடு வாயைக் கையால் பொத்திக்கொண்டு பேசினேன். "அப்பச் சரி, கொஞ்சம் பொறுத்துப் பாக்கறேன். உங்க மாமாகிட்டச் சொல்லிப்போட்டேன்" என்றாள் அக்கா.

பொய் சொன்னவன் நிஜமாகவே வறட்சிக்கு வேண்ட ஆரம்பித்தேன். இரண்டு மணியானால் ஃபேக்டரி ஜன்னலுக்கு ஓடி மேகத்தைப் பார்ப்பேன். ஒரு நாள் கிரேஸிடமே, "இந்த மழை நின்று தொலைந்தால் தேவலை" என்று சொல்லிவிட்டேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். அவருக்கும் சொந்தமாகக் கொஞ்சம் தேயிலை இருந்தது, அந்த இலை எங்கள் ஃபேக்டரிக்குத்தான் வந்தது. "மழை நின்றால் என் பிள்ளைகளுக்கு நீ சோறு போடுவாயா?" என்றார். அன்று எனக்குக் கீரை கொஞ்சமாகத்தான் விழுந்தது.

இரண்டு வருடம் முடிந்து வந்தேன். விலை ஏறவில்லை. வாங்கத் தயாராக இருந்தவர் வேறிடம் வாங்கிவிட்டார். அக்கா கடைசியில் வந்த விலைக்குக் கொடுத்துவிட்டு மாமாவிடம் போனாள். எட்டு மாதத்தில் மாமாவுக்கு மாரடைப்பு. காலையில் கம்பெனிக்குப் போனவர் திரும்பவில்லை.

அக்கா இன்னும் திருப்பூரில்தான் இருக்கிறாள். போன வருடம் என் வீட்டுக்கு வந்தவள், நிலத்தைப் பார்க்கவேண்டும் என்றாள். கூட்டிப்போனேன். அங்கே இப்போது தங்கும் விடுதி. வருகிறவர்கள் நின்று படம் எடுத்துக்கொள்ள முன்பக்கம் ஐந்து வரிசைச் செடி மட்டும் விட்டுவைத்திருக்கிறார்கள், இடுக்கில் கலர் பல்பு. அக்காவின் கை தானாகப் போய் ஒரு கொழுந்தைக் கிள்ளியது. வாட்ச்மேன் எட்டிப் பார்த்து, "செடியில கை வைக்காதீங்கம்மா" என்றார். அக்கா, "தெரியாம வெச்சுட்டனுங்க" என்று சொல்லி, கிள்ளியதை மதில்மேல் வைத்துவிட்டாள்.

பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது என்னால் அதற்குமேல் முடியவில்லை. சொல்லிவிட்டேன். அங்கே ஒரு வாரம்கூட மழை நிற்கவில்லை, நீ சந்தோஷப்படுவாய் என்றுதான் அப்படிச் சொன்னேன் என்றேன். எல்லாம் எனக்குத் தெரியும் என்று சொல்லிவிடுவாள் என்று உள்ளுக்குள் ஒரு நப்பாசை.

அக்கா பஸ் வருகிற பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இல்லை, அழவும் இல்லை.

"அது தெரிஞ்சிருந்தா அன்னிக்கே போயிருப்பேன் கண்ணு" என்றாள். "இன்னும் ஒண்ணரை வருஷம் அவரு கூட இருந்திருக்கலாம்."