அன்னக்கொடி மதினியின் இரண்டு நாள்

என் அண்ணன் கருத்தக்கண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு அன்னக்கொடி மதினி ஆனையூர் வீட்டுக்கு வந்தது எழுபதாம் வருஷம். நான் சொல்லப்போவது எண்பத்து மூன்றில் நடந்தது. நடுவில் உள்ள பதின்மூன்று வருஷத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மதினி சமைத்தாள், அவ்வளவுதான்.

வீட்டில் அப்பா, அம்மா, அண்ணன், என் தம்பிகள் இரண்டு பேர், மதினியின் பிள்ளைகள் மூன்று. அது போதாதென்று, உசிலம்பட்டிப் பக்கத்து எங்கள் சொந்தம் அத்தனைக்கும் மதுரையில் இருந்த ஒரே வீடு அதுதான். கோர்ட்டில் வாய்தா என்றால் முந்தின நாளே வந்து இறங்கிவிடுவார்கள். ஆஸ்பத்திரியில் ஆள் படுத்திருந்தால் தூக்குவாளியில் கஞ்சி இங்கிருந்து போகும். அண்ணனுக்குத் தல்லாகுளத்தில் சர்க்கார் ஆபீசில் குமாஸ்தா வேலை. தங்கமான மனுஷன். தட்டில் சோறு எப்படி வருகிறது என்று ஒருநாளும் யோசித்துப் பார்க்காத தங்கமான மனுஷன்.

மாயக்காள் என்கிற என்னை உசிலம்பட்டியில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். ஓய்வு வேண்டும் என்று தோன்றினால் நான் ஆனையூருக்குப் போய்விடுவேன். அந்த வருஷம் மாசி மாதமும் போயிருந்தேன். ஒரு மத்தியானம் கொல்லைப்பக்கம் போனால், மதினி ஆட்டுக்கல் முன்னால் உட்கார்ந்திருந்தாள். கை குழவியின் மேல் இருக்கிறது, குழவி சுற்றவில்லை. கண்ணில் தண்ணீர் அதுபாட்டுக்கு வழிந்துகொண்டிருந்தது.

“என்ன மதினி?”

“ஒண்ணுமில்ல மாயக்கா. கை சுத்த மாட்டேங்குது.”

டாக்டரிடம் கூட்டிப்போனேன். உடம்பில் ஒன்றும் இல்லை, ரெஸ்ட் எடுக்க வேண்டும் என்றார். அதை வீட்டில் வந்து சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். அன்றைக்குச் சாயங்காலம் மதினி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “ரெண்டே நாளு மாயக்கா. வேற யாராச்சும் ஆக்கி, என் முன்னால தட்டக் கொண்டாந்து வைக்கணும். இல்லேன்னா எனக்குப் புத்தி பெரண்டு போயிரும்போல இருக்கு” என்றாள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது.

அண்ணனிடம் போய், “மதினிக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நீதாண்ணே பொறுப்பு” என்று சத்தம் போட்டேன். அண்ணனுக்கு உறைத்தது. ஆபீசில் யாரையோ பிடித்து, கொடைக்கானலில் ஒரு பங்களாவுக்குச் சொல்லி வைத்தார். வெள்ளைக்காரத் துரை ஒருவர் தான் இருப்பதற்காகக் கட்டி, போகும்போது விற்றுவிட்டுப் போன பங்களாவாம். காளை என்று ஒரு பெரியவர் அங்கே காவலுக்கும் சமையலுக்கும் இருக்கிறாராம். மே மாதத்தில் ஒரு சனி, ஞாயிறு. அண்ணனும் மதினியும் மட்டும் போவது. அந்த இரண்டு நாளும் நான் ஆனையூருக்கு வந்து வீட்டையும் பிள்ளைகளையும் பார்த்துக்கொள்வது. இதுதான் பேச்சு.

அண்ணன் ஒரு தாளில் ஏரி, தூண்பாறை, குறிஞ்சியாண்டவர் கோயில் என்று வரிசையாக எழுதி வைத்துக்கொண்டார். மதினிக்கு அந்தத் தாளே கண்ணில் படவில்லை. அவள் கேட்டதெல்லாம் வேறு. “கட்டிலுக்கே காப்பி கொண்டாந்து குடுப்பாராமே, நெசமா?” “சாப்பிட்ட தட்ட நாம கழுவணுமா, அவரே கழுவிருவாரா?” இதையே பத்துத் தடவை கேட்டாள். பங்குனி, சித்திரை இரண்டு மாதமும் அந்த நினைப்பில்தான் அவள் கை ஓடியது.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. ஊருக்குப் போகிறவர் வீட்டுப் பெரியவர்களிடம் சொல்லும்போது, “நீங்களும் வாங்களேன்” என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். கேட்காவிட்டால் குறை. அவர்களும், “இருக்கட்டும், நீங்க போயிட்டு வாங்க” என்று சொல்ல வேண்டும். அத்தோடு முடிந்தது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது வாசலுக்கு வந்தவரிடம் “சாப்பிடுறீகளா” என்று கேட்போமே, அந்த மாதிரி.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்னால் மதினி முறைப்படி அம்மாவிடம் கேட்டாள். “அத்தே, நீங்களும் வாங்களேன்.”

என் அம்மா ராமக்காள் வெற்றிலையை மென்று முடித்துவிட்டு, “நீ இம்புட்டு ஆசையாக் கூப்புடுறப்ப வரலைன்னா நல்லாவா இருக்கும்?” என்றாள்.

பிறகு என்ன, அம்மா போனால் அப்பாவுக்கு யார் இருக்கிறார்கள்? அப்பாவும் போகிறார். பெரியவர்களே போகும்போது பிள்ளைகளை விட்டுவிட்டா போவது? தம்பிகள் என்ன பாவம் செய்தார்கள்? வாய்தாவுக்கு வந்திருந்த மலையம்மாள் சின்னம்மாவை அம்மாவே கூப்பிட்டாள். சின்னம்மா மகன் விருமாண்டி, “மெட்டடார் வேன் ஒண்ணு பேசிருவோம்டா” என்று தம்பியின் தோளில் தட்டிவிட்டுப் போய், அன்றைக்கே பேசிவிட்டு வந்தான்.

வியாழக்கிழமை நான் வீட்டுக்காரரோடும் என் இரண்டு பிள்ளைகளோடும் போய் இறங்கினேன். மதினி வாசலிலேயே என்னைப் பிடித்து எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லிவிட்டு, “நீயும் வாறியா மாயக்கா?” என்றாள். முறைக்குத்தான் கேட்டாள், எனக்குத் தெரியாதா? வாய்தான் வாறியா என்றது. நீயாவது இதை நிறுத்து என்று அவள் கண் கெஞ்சியது. என் பேச்சுக்கு அந்த வீட்டில் மரியாதை உண்டு. ‘யாரும் போக வேணாம், இங்க நான் ஆக்கிப் போடுறேன்’ என்று ஒரு சத்தம் போட்டிருந்தால் அம்மா அடங்கியிருப்பாள். ஆனால் நான் கொடைக்கானலைப் பார்த்ததே இல்லை.

“வாரேன் மதினி” என்றேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் வேனில் ஏற்ற அரிசி, பருப்பு, பெரிய அண்டா, மண்ணெண்ணெய் ஸ்டவ், இட்லிச் சட்டி எல்லாம் நடைக்கு வந்தன. மதினி அவற்றைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பிறகு அம்மாவிடம் போய், “அத்தே, எனக்குத் தலை சுத்துது. நான் வரல. நீங்க எல்லாரும் போயிட்டு வாங்க. நான் வீட்டுல இருந்துக்கிறேன்” என்றாள்.

“நல்லாருக்கே கதை! ஒனக்காகத்தான இம்புட்டுப் பேரும் கெளம்புறோம்? நீ வராம எப்படி?” என்றாள் அம்மா.

மதினி அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் அண்டாவைத் தூக்கிக்கொண்டு வேனுக்குப் போய்விட்டார்.

சனிக்கிழமை பதினைந்து பேர் போய் இறங்கினோம். பங்களா வாசலில் காளைப் பெரியவர் இரண்டு பிரம்பு நாற்காலி போட்டு, நடுவில் ஒரு சின்ன மேஜையில் இரண்டு கோப்பை வைத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் ஒன்றும் புரியாமல் கோப்பைகளை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அம்மா பின்னாலேயே போய், “கண்டவுக கையில நான் பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன். அன்னக்கொடி, சாமானை எடுத்து உள்ள வையி” என்றாள். பிரயாணம் முடிந்து கால் மணி நேரம்கூட ஆகவில்லை, மதினி அடுப்படிக்குள் போய்விட்டாள்.

ஊர் அழகு என்றால் அப்படி ஓர் அழகு. வெயிலுக்குப் பயந்து ஓடிவந்த துரைமார்கள் மலை உச்சியில் தங்கள் ஊரையே கட்டி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். கல் வீடு, ஓட்டுக்கு மேலே புகைபோக்கி, வேலி ஓரமெல்லாம் பூ. நாங்கள் ஏரியைச் சுற்றினோம், படகில் போனோம், பிள்ளைகள் குதிரை ஏறினார்கள். மதினிக்கு இராச் சமையல் இருந்தது. திரும்பி வந்து அடுப்படியில் எட்டிப் பார்த்தேன். பதினைந்து பேர் சோற்றுக்கு ஸ்டவ் போதாமல் விறகு அடுப்பையும் மூட்டியிருந்தாள். ஈர விறகு. புகையில் முகமே தெரியவில்லை. காளைப் பெரியவர் வாசற்படியில் நின்று, “நீங்க போய் உக்காருங்கம்மா, நான் பாத்துக்கிறேன்” என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். மதினி வேண்டாம் என்று தலையாட்டினாள். அப்போதாவது நான் உள்ளே போய்க் கரண்டியை வாங்கியிருக்கலாம். “ஏரி எம்புட்டுப் பெருசு தெரியுமா மதினி!” என்று சொல்லிவிட்டு, கம்பளியைப் போர்த்திக்கொண்டு போய் உட்கார்ந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஏழு மணிக்கு எல்லோரும் எழுந்து காப்பிக்காகக் காத்திருந்தோம். காப்பி வரவில்லை. அப்பா இரண்டு தடவை கூப்பிட்டார். நான் போய்ப் பார்த்தேன். அடுப்பு எரியவில்லை, மதினி இல்லை. பின்பக்கமும் இல்லை, தோட்டத்திலும் இல்லை. ஓடிவந்து, “மதினியைக் காணோம்” என்றேன். சொன்ன வாயால் அடுத்து நான் கேட்டது இது: “அப்ப காப்பி யாரு போடுறது?”

இதை நான் யாரிடமும் மறைத்ததில்லை. அந்த நேரத்தில் என் வாயில் வந்தது அதுதான்.

அண்ணன் செருப்பில்லாமல் ஏரியைப் பார்த்து ஓடினார். தம்பிகள் பின்னால் ஓடினார்கள். எங்கள் யாருக்கும் வாயால் சொல்லத் துணிவில்லை, ஆனால் எல்லோருக்கும் அந்த ஒரே நினைப்புத்தான். மதினியின் கடைக்குட்டி, “அம்மா தண்ணிக்குள்ள போயிருச்சா அத்தே?” என்று கேட்டபோது பிள்ளையின் வாயைப் பொத்தினேன். முக்கால் மணி நேரம் அப்படி இருந்தோம்.

பிறகுதான் காளைப் பெரியவர் பால் வாங்கிக்கொண்டு வந்தார். “அந்தம்மா மொத பஸ்ஸுல மதுரைக்குப் போயிருச்சு. நாந்தான் பஸ் ஏத்திவிட்டேன். ஒரு காப்பி போட்டுக் குடுத்தேன், நின்னுக்கிட்டே குடிச்சுச்சு, அழுதுச்சு. எதுக்கு அழுகுதுன்னு எனக்குத் தெரியலைங்க” என்றார்.

தனியாகத் தல்லாகுளத்துக்குக்கூடப் பஸ் ஏறிப் போகாதவள் மதினி.

அண்ணன் உடனே கிளம்ப வேண்டும் என்றார். “வீட்டுக்குத்தான போயிருக்கா? சாயங்காலம் பேசிக்கிருவோம். வந்தது வந்தாச்சு, கோயிலைப் பாக்காம எப்படிப் போறது?” என்றாள் அம்மா. தூண்பாறையும் பார்த்தோம், கோயிலும் பார்த்தோம். மத்தியானம் ஓட்டலில் சாப்பிட்டோம். கண்டவர் கையில் பச்சைத் தண்ணீர் குடிக்காத என் அம்மா இரண்டு மசால் தோசை சாப்பிட்டு, சட்னி நன்றாக இருக்கிறது என்று இன்னொரு தடவை கேட்டு வாங்கினாள்.

ஆனையூருக்கு வந்து சேர இரவு ஏழு மணி. அண்ணன் கதவைத் தட்டினார். மதினி வெகுநேரம் கழித்துத்தான் திறந்தாள். கன்னத்தில் பாயின் கோடு பதிந்திருந்தது. பத்தரை மணிக்கு வந்து படுத்தவளாம். தூங்கி எழுந்த அவள் முகத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. கல்யாணமாகி வந்த புதிதில் இருந்ததுபோல் இருந்தது.

திட்டப்போகிறாள் அம்மா என்று நினைத்தேன். திட்டவில்லை. செருப்பைக் கழற்றிக்கொண்டே, “புள்ளைக பசியோட இருக்குதுக அன்னக்கொடி” என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள். ஒவ்வொருவராக உள்ளே போய் உட்கார்ந்தோம். மதினி வாசலிலேயே நின்று எங்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார். என்னைத்தான் கடைசியாகப் பார்த்தாள். எழுந்திரு, எழுந்திரு என்று என் மனசு அடித்துக்கொண்டது. காலெல்லாம் அசதி. நான் எழுந்திருக்கவில்லை.

மதினி தலைமுடியை அள்ளிச் செருகிக்கொண்டு அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் அரிசி களையும் சத்தம் கேட்டது. அப்பாடா என்று இருந்தது எனக்கு.