அட்டையில் இருந்த நம்பர்

எங்கள் தண்ணீர் வாரிய அலுவலகத்தில் அவருக்குப் பெயர் ‘எதுக்கும்’. சம்பளப் பட்டியலில் வேறு பெயர் உண்டு. அதை மாதம் ஒருமுறை காசாளர் மட்டும் பயன்படுத்துவார். வீடு வீடாகப் போய் மீட்டர் பார்த்து எண்ணைக் குறித்து வருவது அவர் வேலை. அந்த எண்களைக் கணினியில் ஏற்றுவதும், புகார் போனை எடுப்பதும் என் வேலை. ஒரு மீட்டரை ஒருமுறை பார்த்தால் அவருக்குப் போதாது. கேட்டைச் சாத்திக்கொண்டு தெருவுக்கு வந்த பிறகு, “எதுக்கும் இன்னொரு தடவை பாத்துட்டு வந்துடறேன்” என்று திரும்பிப் போவார். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் பக்கத்து சீட்டுக்காரரிடம், “இது ஆஸ்பத்திரி வழியாத்தானே போகுது?” என்பார். இருபத்தாறு வருஷமாக அதே பஸ்.

இப்படிப்பட்டவரை ஒருத்தன் போனிலேயே கவிழ்த்துவிட்டான் என்றால் யார் நம்புவார்கள்?

நேரில் நாங்கள் அவரை அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். அண்ணனுக்கு ஒரே மகள். காது கேட்கும் திறனைச் சோதிக்கும் படிப்பைக் கல்விக் கடனில் படித்து முடித்து, ஒரு கிளினிக்கில் சேர்ந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. கடன் அவள் பெயரில். ஆனால் காகிதமெல்லாம் அப்பா வசம். “நீ காதைப் பாரு, கடனை நான் பாத்துக்கறேன்” என்று சொல்லி, மாதாமாதம் அவளிடம் பணத்தை வாங்கி, தவணையைக் கட்டி, ரசீதை ஃபைலில் சேர்த்து வந்தார்.

ஒருநாள் ஒரு கடிதம் வந்தது. உங்கள் கடன் கணக்கு எங்கள் நிறுவனத்துக்கு மாற்றப்பட்டிருக்கிறது, அடுத்த மாதத்திலிருந்து எங்களிடம் கட்டவும் என்றிருந்தது. மெல்லிய தாள். மகளின் பெயரில் ஒரு எழுத்து பிழை. அண்ணன் அதைக் கிழித்துப் போட்டார். “கடன் கொடுத்தது ஒருத்தன், கட்டச் சொல்றது இன்னொருத்தனா?”

அந்தக் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தாள். அண்ணன் விசாரணையைத் தொடங்கினார்.

“உங்க ஆபீஸ் எத்தனாவது மாடி?”

“எனக்குத் தெரியாது சார். நான் வீட்டுலேர்ந்து வேலை பாக்கறேன்.”

“அதானே பாத்தேன்!” என்று போனை வைத்துவிட்டார். மறுநாள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தபடி இதை எங்களுக்கு நடித்தே காட்டினார். நாங்களும் கெட்டிக்காரர்தான் என்று தலையாட்டினோம்.

பத்து நாள் கழித்து இன்னொரு போன். இந்தமுறை ஆண் குரல், பதமான குரல். கல்விக் கடன் நிவாரண மையமாம். இருக்கும் கடனில் பாதியைத் தள்ளுபடி வாங்கித் தருவார்களாம்.

“உங்களை எப்படி நம்பறது?” என்றார் அண்ணன்.

“ரொம்ப நல்ல கேள்வி சார். எல்லாரும் உங்களை மாதிரி கேட்டா மோசடிங்கற வார்த்தையே இருக்காது.”

இருபத்தாறு வருஷத்தில் அவரை யாரும் இப்படிப் பாராட்டியதில்லை. வீட்டில் பாராட்டியதே இல்லை. இருந்தாலும் விடவில்லை. பதிவு எண் கேட்டார். பத்து நிமிடத்தில் வந்தது. சான்றிதழ் கேட்டார், வட்ட முத்திரையோடு வந்தது. ஆளின் அடையாள அட்டையைக் கேட்டார்; படத்தோடு வந்தது. எதுக்கும் இருக்கட்டும் என்று, அட்டையில் இருந்த அலுவலக நம்பருக்கு அவரே போன் போட்டார். ஒரு பெண் எடுத்து, “ஆமா சார், அவர் எங்க சீனியர் ஆலோசகர்” என்றாள். மறுநாள் காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை போட்டார். அதே பதில்.

“மூணு தடவை சரிபாத்துட்டேன்” என்று எங்களிடம் மூன்று விரலைக் காட்டினார்.

அண்ணியிடம் அன்றே சொன்னார். அண்ணி ஆஸ்பத்திரி சலவைப் பிரிவில் வேலை பார்ப்பவர். வீட்டிலும் கை சும்மா இருக்காது.

“பாதிக் கடனை எதுக்கு அவங்க தள்ளணும்? நம்ம பொண்ணு அவங்களுக்கு என்ன உறவு?”

“உனக்கு இதெல்லாம் புரியாது.”

“சரி, எனக்குப் புரியாது” என்று தலையணை உறையை மடித்தார் அண்ணி. கொஞ்சம் பலமாகவே மடித்தார்.

பதிவுக் கட்டணம் என்று ஒரு தொகை போனது. பழைய இடத்தில் இனித் தவணை கட்டாதீர்கள், அவர்களோடு பேசவும் பேசாதீர்கள், பேசினால் தள்ளுபடி ரத்தாகிவிடும் என்றது பதமான குரல். அண்ணன் கட்டவில்லை, பேசவில்லை. மகளிடமும் மூச்சு விடவில்லை. கடன் பாதியான பிறகு சொல்லி, அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை.

அடுத்த மாதம் ஒரு புதன்கிழமை காலையில் குரல் மறுபடி கூப்பிட்டது. இன்று ஐந்து மணியோடு திட்டம் முடிகிறது. இறுதிக் கட்டணத்தையும் மகளுடைய கடன் கணக்கின் கடவுச்சொல்லையும் அனுப்ப வேண்டும். கட்டணம் அண்ணனின் மூன்று மாதச் சம்பளம். மதியம் அனுப்பிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு மீட்டர் பார்க்கக் கிளம்பினார்.

அன்று அவருக்குப் புதுத் தெரு. ஒரு வீட்டில் கைக்குழந்தையை இடுப்பில் வைத்திருந்த பெண் கம்பிக் கதவைத் திறக்கவில்லை. அண்ணன் அட்டையைக் காட்டினார்.

“இதுல நம்பர் இருக்கு பாருங்கம்மா. சந்தேகமா இருந்தா போட்டுக் கேளுங்க.”

“அந்த நம்பருக்குப் போட்டா, அட்டையை அடிச்சவங்கதானே எடுப்பாங்க? என்கிட்ட பழைய தண்ணி பில் இருக்கு. அதுல இருக்கற நம்பர்ல கேக்கறேன். நில்லுங்க.”

என் மேஜையில் போன் அடித்தது. “ஒல்லியா ஒருத்தர் வந்து நிக்கறார். உங்க ஆள்தானா?”

“கதவைத் தட்டும்போது எதுக்கும்னு ஏதாவது சொன்னாரா?”

“ஆமா, எதுக்கும் இன்னொரு தடவை தட்டிப் பாப்போம்னு தனக்குத்தானே பேசிக்கிட்டார்.”

“அப்ப எங்க ஆள்தான். ஆனா எதுக்கும் பணியாளர் எண்ணைக் கேட்டுட்டுத் திறங்க” என்றேன். சும்மா விளையாட்டுக்கு. வெயிலில் இன்னும் ஐந்து நிமிடம் நிற்கட்டுமே என்று.

எண்ணைக் கேட்டுச் சரிபார்த்து அவள் கதவைத் திறந்தாள். அண்ணன் உள்ளே போகவில்லை. வாசல்படியில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“என்ன சார், தப்பா எடுத்துக்கிட்டீங்களா?”

“இல்லம்மா. அட்டையை அடிச்சவங்கதான் எடுப்பாங்கன்னு சொன்னீங்களே... அதை இன்னொரு தடவை சொல்லுங்க.”

அவள் சொன்னாள். கூடவே ஒரு டம்ளர் தண்ணீரும் கொடுத்தாள். அண்ணன் மீட்டர் பார்க்காமல் திரும்பிய ஒரே வீடு அதுதான்.

நேரே வீட்டுக்குப் போனார். கடன் வாங்கியபோது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தை ஃபைலில் இருந்து எடுத்து, அதில் அச்சாகியிருந்த நம்பருக்குப் போன் போட்டார். ஐம்பது நிமிடம் காத்திருந்த பிறகு, சளி பிடித்த குரலில் ஒருவர் எடுத்தார்.

“ஆமாங்க, உங்க பொண்ணு கணக்கை அந்தக் கம்பெனிக்கு மாத்தியாச்சு. லெட்டர் போட்டோமே, பாக்கலையா?”

“அப்ப அது நிஜமா? சரி, பாதி தள்ளுபடி பண்றாங்களே, அந்தத் திட்டம்?”

“அப்படி ஒண்ணு இருந்தா முதல் ஆளா நான் வாங்கியிருப்பேன். நானும் கடன்ல படிச்சவன்தான்.” ஒரு தும்மல். “சம்பளத்துக்கு ஏத்த மாதிரி தவணையைக் குறைக்கலாம். அதுக்குக் கட்டணமே கிடையாது, நடுவுல ஆளும் வேண்டாம். உங்க பொண்ணு கையெழுத்துப் போட்டா போதும்.”

ஐந்து மணிக்குப் பதமான குரல் கூப்பிட்டது. “உங்க நம்பரைப் போலீஸ்ல கொடுக்கப்போறேன்” என்றார் அண்ணன். அதற்கு மறுமுனையில் வந்த பதிலை எழுத முடியாது. அதில் பதம் எதுவும் இல்லை. பக்கத்தில் இருந்த அண்ணி எல்லாவற்றையும் கேட்டார்.

“எவ்வளவு போச்சு?” என்று மட்டும் கேட்டார்.

அண்ணன் பதிவுக் கட்டணத்தைச் சொன்னார். அண்ணி “ம்” என்றார். அந்த ஒரு எழுத்துக்குப் பதில் நாலு திட்டு திட்டியிருக்கலாம் என்று அண்ணன் பிறகு என்னிடம் சொன்னார்.

மகள் வேலை முடிந்து வந்ததும், செருப்பைக் கழற்ற விடாமல் எல்லாவற்றையும் ஒப்பித்தார். அவளுக்குப் பணம் போனதைவிட மறைத்ததுதான் கோபம்.

“என் கடன்ப்பா அது. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமில்ல? நாள் பூரா காது கேக்காதவங்களைச் சோதிக்கறேன். கேக்க மாட்டேங்கற ஆள் வீட்டுலதான் இருக்கார்.”

அன்றிரவே கடவுச்சொல்லை மாற்றினாள். ஃபைலும் அவள் அறைக்குப் போய்விட்டது. போலீஸ் நிலையத்தில் புகார் எழுதி வாங்கிக்கொண்டார்கள். போன பணம் போனதுதான்.

அடுத்த வாரம் தவணைக் குறைப்பு மனுவைக் கொடுக்க அவள் புதுக் கம்பெனி அலுவலகத்துக்குப் போனபோது, அண்ணனும் தொற்றிக்கொண்டார். மூன்றாவது மாடி, லிஃப்ட் வேலை செய்யவில்லை. கவுண்டரில் இருந்தவர் நிமிர்ந்தே பார்க்காமல், “டோக்கன் எங்க? கத்துக்கிட்டு நிக்காதீங்க, அப்படி உக்காருங்க” என்றார். அண்ணன் முகம் மலர்ந்தது.

“இவ்வளவு எரிச்சலா பேசறாரே! இவங்க நிஜமான கம்பெனிதான்ம்மா” என்று மகள் காதில் சொன்னார்.

கணக்கு மாறிய புதிது என்பதால் விட்டுப்போன தவணைக்கு அபராதம் போடவில்லை. சம்பளச் சீட்டைப் பார்த்து, மாதத் தவணையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக் கொடுத்தார்கள். மகள் கையெழுத்துப் போட்டாள். கவுண்டர்காரர் நகலில் முத்திரையைக் குத்தித் தள்ளினார். அண்ணன் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“சார், கோணலா விழுந்திருக்கு. எதுக்கும் நேரா ஒண்ணு குத்திடுங்களேன்.”

மகள் பையை எடுத்துக்கொண்டு படியிறங்கத் தொடங்கியிருந்தாள்.