டென்ஷன் இல்லாத கிறிஸ்துமஸ்

நீடாமங்கலத்தில் நான் பிறந்து வளர்ந்த வீட்டில், இந்த டிசம்பரில் முதல் தடவையாகக் காலைக் காப்பி என் கட்டிலுக்கே வந்தது. தம்பி டேனியலின் மனைவி பிரிசில்லா டபராவோடு கொண்டுவந்து வைத்து, "நீங்க படுங்க அண்ணி, லீவுக்குத்தான வந்திருக்கீங்க" என்றாள். பதினாறு வருடமாக ஜெர்மனியில், லைப்சிக் நகரத்து முதியோர் இல்லம் ஒன்றில் நர்ஸாக இருக்கிறேன். நடமாட முடியாதவர்களுக்குக் கட்டிலில் காப்பி கொடுப்பது அங்கே என் வேலை. அதையே நான் வாங்கிக் குடிக்கக் கூச்சமாக இருந்தது. குடித்த டம்ளரைக் கழுவப் போனேன். அதையும் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள். மார்கழிப் பனியில் கோயில் ஒலிபெருக்கி பாடிக்கொண்டிருக்க, நான் கூடத்தில் போய்ச் சும்மா உட்கார்ந்தேன்.

அம்மா இருந்தவரை எங்கள் வீட்டு டிசம்பரில் யாரும் உட்கார்ந்ததில்லை. பத்து நாளுக்கு முன்பே எண்ணெய்ச் சட்டி ஏறிவிடும். அச்சு முறுக்கு, அதிரசம், சோமாஸ். தெருவில் எங்கள் வீடு ஒன்றுதான் கிறிஸ்தவ வீடு, லுத்தரன் சபை. ஆனால் தட்டு போகாத வீடு கிடையாது. தீபாவளிக்கு அவர்கள் வீட்டுத் தட்டு வரும், கிறிஸ்துமஸுக்கு எங்கள் தட்டு போகும். போன தட்டு வெறுமனே திரும்பாது. ஒன்றுமில்லாவிட்டால் ஒரு பிடி சர்க்கரையாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். ரயில் கேட்டுக்கு அந்தப் பக்கமும் ஐந்தாறு வீடு உண்டு. எங்கள் ஊர்க் கேட்டைப் போட்டால் லேசில் திறக்க மாட்டார்கள் என்பது அந்த வழியாகப் போனவர்களுக்குத் தெரியும். துணி மூடிய தட்டோடு அம்மா அங்கே நிற்கும் நேரம்தான் அவளுக்கு அந்த மாதத்தின் ஓய்வு.

லைப்சிக் போன முதல் வருடம் நானும் அச்சு முறுக்கு சுட்டேன். இருபத்து நாலாம் தேதி மத்தியானத்தோடு ஊரே கதவைச் சாத்திக்கொள்ளும் என்று எனக்குத் தெரியாது. சாயங்காலம் எதிர்வீட்டு ஹெல்காவின் மணியை அழுத்தினேன். பாதிக் கதவைத் திறந்து, தட்டை வாங்கி, "பண்டிகையன்று இவ்வளவு ஸ்ட்ரெஸ் எதற்கு? ஓய்வெடு" என்றார். மறுநாள் தட்டு பளபளவென்று கழுவித் துடைத்து வந்தது. அதில் ஒன்றுமே இல்லை. நான் கொடுத்தது பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று அன்று முழுக்க அழுதேன். சுத்தமாகத் திருப்பிக் கொடுப்பதுதான் அவர் அறிந்த மரியாதை என்பது புரிய நாலைந்து வருடம் ஆனது. அதற்குள் சுடுவதையே விட்டுவிட்டேன். ஜன்னலில் ஒரு மெழுகுவத்தி, ஒரு கிண்ணம் சூப், சீக்கிரம் தூக்கம். இதற்குப் பெயர் நிம்மதி என்று சொல்லிக்கொள்ளப் பழகினேன். சத்தியமாக அது நிம்மதி இல்லை, தனிமை. ஆனால் போனில் அம்மாவுக்கு உபதேசம் மட்டும் நிற்கவில்லை.

"ஏம்மா இப்படி அல்லாடுற? கடையில வாங்கு. கொஞ்சம் நிதானமா உக்காந்து கொண்டாடு."

"உக்காந்தா பண்டிகை எப்படிடீ வரும்?" என்பாள் அம்மா. பின்னால் எண்ணெய் சொய்யென்று கேட்கும்.

அம்மா போய் இரண்டு வருடம் ஆகிறது. இனி இந்த வீட்டில் எனக்கு இடம் உண்டா என்பதைப் பார்க்கத்தான் இந்த முறை வந்தேன். வாய்விட்டு யாரிடமும் சொல்லவில்லை. வந்து ஒரு கை வேலை செய்தால் தானாகத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். இருபத்து மூன்றாம் தேதி வரை அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. நானே கேட்டேன்.

"பலகாரம் எப்ப ஆரம்பிக்கிறோம் பிரிசில்லா?"

"பேக்கரில சொல்லியாச்சு அண்ணி. நானும் பேங்குக்கு ஓடணும், இவரும் ஸ்கூலு. நீங்கதான அத்தைக்கு வருஷா வருஷம் சொல்வீங்க, டென்ஷன் இல்லாம கொண்டாடுங்கன்னு? அதத்தான் செய்றோம்."

குத்திக் காட்டவில்லை, நிஜமாகவே என்னைச் சந்தோஷப்படுத்தத்தான் சொன்னாள். அதனால் கோபப்படவும் வழியில்லை. தப்பு சொல்லவும் முடியாது. என் தம்பி இரவு ஒன்பது மணிக்குக் கால் நீட்டிச் சிரித்துக்கொண்டு டிவி பார்க்கிறான். அம்மா ஒரு டிசம்பரிலாவது அப்படி உட்கார்ந்திருந்தால் இன்னும் நாலு வருடம் இருந்திருப்பாளோ என்னவோ. நான் கேட்டதெல்லாம் நடந்துவிட்டது. எனக்குத்தான் அதில் செய்ய ஒன்றுமில்லை.

மறுநாள் மத்தியானம் பெட்டிகள் வந்தன. சிவப்பு அட்டை, தங்க நாடா. பிரிசில்லா ஒவ்வொன்றிலும் பெயரும் தெருவும் எழுதிய சீட்டை ஒட்டினாள். இதையாவது விடக்கூடாது என்று எழுந்தேன்.

"நான் கொண்டு போய்க் கொடுத்துட்டு வர்றேன்."

"வேணாங்க்கா, ரயில் கேட்ட போட்டுருப்பான், வெயில்ல நிக்கணும்" என்றான் டேனியல். "பேக்கரி ஆளே வண்டில கொடுத்துருவாரு."

வண்டிக்காரர் வாசலில் நின்றார். பிரிசில்லா எடுத்துக் கொடுக்கக் கொடுக்க அவர் அடுக்கினார். ஒரு பெட்டியை மட்டும் அவரிடம் கொடுக்காமல் என்னிடம் நீட்டினாள். 'ஜாய் அண்ணி' என்று எழுதி, மற்றவற்றில் தெருப் பெயர் இருந்த இடத்தில் 'லைப்சிக்' என்று எழுதியிருந்தாள்.

"எல்லாருக்கும் கொடுக்கறப்ப உங்களுக்குக் கொடுக்காம இருக்க முடியுமா? ஃப்ளைட்டுல உடையாம இருக்க ரெண்டு அட்டை வச்சுக் கட்டச் சொன்னேன் அண்ணி."

இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னேன். இந்த வீட்டில் நான் யாருக்காவது நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை.