கண் திறக்காத மருந்து

சின்ன வயதில் நான் ஒரு சந்தேகப் பிராணி. பாயசத்தில் முந்திரி கொஞ்சம் கூடுதலாக மிதந்தால் போதும், நாளைக்கு ஊசி போடக் கூட்டிப்போகப் போகிறார்கள் என்று முடிவு கட்டிவிடுவேன். பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். மூச்சிழுப்புக்காரப் பிள்ளை நான். எங்கள் வீட்டில் கசப்பு வருமுன் இனிப்பு வந்துவிடும்.

அப்போது கோலா சாவா பக்கம் ஒரு தோட்டத்தில், தொழிலாளர்களின் லயத்து வீட்டில் இருந்தோம். தீபாவளிக்கு வீடு கழுவப் போன அம்மா, அலமாரிக்கு அடியிலிருந்த பழந்துணி மூட்டையை இழுக்க, எலி ஒன்று தாவி ஓடியது. மூட்டைக்குள் அதன் குஞ்சுகள். முடி முளைக்கவில்லை, கண் திறக்கவில்லை, ரோஸ் நிறத்தில் நெளிந்துகொண்டிருந்தன. "சாக்கடையில கொட்டு லா" என்றார் அப்பா. அம்மாவுக்கு மனசு வரவில்லை. பிள்ளையார் வாகனமாயிற்றே, தினமும் கோயிலில் அவர் முகத்தில் எப்படி முழிப்பது? மைலோ டின்னில் பஞ்சு போட்டு எடுத்து வைத்தார்.

அந்த நேரம் பார்த்தா போர்டிக்சனிலிருந்து அத்தை வந்து இறங்க வேண்டும்! அப்பாவின் அக்கா. வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. டின்னை எட்டிப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் டின்னைப் பார்த்தார்.

அத்தையும் அம்மாவும் குசினிக்குள் அடுப்புப் பக்கம் போனார்கள். நான் கதவோரம் ஒட்டிக்கொண்டேன்.

"கண்ணு தெறக்காத குஞ்சுதான் இழுப்புக்கு மருந்து. வாழப்பழத்துக்குள்ள வச்சு முழுங்க வச்சிரு. எங்க பக்கத்து வீட்டு அமோய், அந்தச் சீனப் பொண்ணுக்கு அதோட நின்னுபோச்சு."

"உயிரோடயா, அண்ணி?"

"பின்ன என்ன, வறுத்தா குடுப்பாங்க?"

அம்மா டின்னைத் தூக்கிக் குசினித் தட்டில் பத்திரமாக வைத்தார். அதுதான் என்னைப் பயமுறுத்தியது. போன வாரம்தான் எனக்கு மூச்சு முட்டி உதடு நீலமாகி, அப்பா மழையில் மோட்டார் சைக்கிளில் போட்டு சிரம்பான் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருந்தார். அன்றிலிருந்து என் மூச்சுக்காக அம்மா எதையும் செய்வார் என்று எனக்குத் தெரியும்.

அத்தை போனதும் கேட்டேன், "அந்த டின்னு எதுக்கும்மா?"

"சும்மாதாண்டி. போய் வெளையாடு."

அம்மாவின் சும்மா ஒருநாளும் சும்மாவாக இருந்ததில்லை. இட்லியைப் பிய்த்து உள்ளே பார்த்துத்தான் தின்றேன். பீசாங் மாஸ் வாழைப்பழச் சீப்பு ஒன்று ஆணியில் தொங்கத் தொடங்கியதும் சோறும் வேண்டாம் என்று வாயை இறுக மூடிக்கொண்டேன். குஞ்சுகளை நினைத்தாலும் பாவமாக இருந்தது. ஆனால் உண்மையைச் சொன்னால், என்னை நினைத்துத்தான் அழுதேன்.

மறுநாள் மத்தியானம் அம்மா என்னைத் தூங்கச் சொன்னார். தூங்குவேனா? கண்ணை மூடிக் கிடந்துவிட்டு, மெல்ல எழுந்துபோய் குசினிப் பலகைச் சுவர் இடுக்கில் பார்த்தேன். அம்மா ஒரு பழத்தை உரித்துக் கீறினார். டின்னிலிருந்து ஒன்றை எடுத்து உள்ளே வைத்தார். என் பெயரைக் கூப்பிடப் போகிறார் என்று வாயைப் பொத்திக்கொண்டேன். கூப்பிடவில்லை. "பிள்ளையாரப்பா, மன்னிச்சிரு" என்று முணுமுணுத்தபடி கண்ணை இறுக்கி மூடி, தானே வாயில் போட்டு விழுங்கினார்! பிறகு பின்பக்கம் ஓடி, சாக்கடையோரம் குந்தி, குடலே வெளியே வருவதுபோல் வாந்தி எடுத்தார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தவர் மீதிக் குஞ்சுகளைப் பஞ்சோடு விறகுக்குப் பின்னால் வைத்தார், தாய் வந்து தூக்கிப்போகட்டும் என்று. சாயங்காலம் தோட்டத்து ஆபீஸ் போனில் அத்தைக்குச் சொன்னார், "குடுத்துட்டேன் அண்ணி. முழுங்கிட்டா."

பச்சைப் பொய்! பக்கத்தில் நின்ற எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ஆனால் சந்தேகப் பிராணிக்கு எல்லாம் விளங்கிவிட்டது. அம்மாவுக்கும் இழுப்பு இருக்கிறது. எங்களிடம் மறைத்து வைத்திருக்கிறார். அதனால்தான் என் மருந்தை யாருக்கும் தெரியாமல் தானே விழுங்கிவிட்டார்.

எனக்குக் கொடுக்குமுன் தன் தொண்டையில் இறக்கிப் பார்த்தார் என்பது அந்த வயதுக்கு எட்டவே இல்லை. அதன்பிறகு அம்மா மத்தியானம் கண்ணயரும்போதெல்லாம் பக்கத்தில் படுத்து, அவர் மார்பில் காதை வைத்துக் கேட்பேன். இழுப்பின் ஒரு கீச்சொலிகூட இருக்காது. எவ்வளவு நன்றாக மறைக்கிறார் என்று நினைத்துக்கொள்வேன்.