பலகையில் எழுதிப்போட்ட விடை

என் நாத்தனார் உட்கார்ந்து படித்து நான் பார்த்ததில்லை. தி. நகரில் நாங்கள் குடியிருந்த ஃப்ளாட்டின் மொட்டை மாடியில், காய்கிற புடவைகளுக்கு நடுவே, ஒன்பதாம் வகுப்புத் தமிழ்த் துணைப்பாட நூலை முகத்துக்கு நேரே பிடித்தபடி நடந்துகொண்டே இருப்பாள். கதையில் யாராவது ஏமாற்றப்பட்டால் நின்றுவிடுவாள். ஈரப் புடவை முகத்தில் அறைந்தாலும் நகரமாட்டாள். ஐந்தாறு வருடத்துக்கு முன்பு, தொண்ணூறுகளின் தொடக்கம் அது. என் மகள் கைக்குழந்தை. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு துணி எடுக்கப் போகிற நான்தான் அகப்படுவேன். "அண்ணி, இவன் செஞ்சது நியாயமா? நீங்களே சொல்லுங்க" என்று வழிமறிப்பாள். "பாடத்தைப் படிடின்னா பஞ்சாயத்து பண்ணிட்டிருக்கா" என்று என் மாமியார் படிக்கட்டிலிருந்து குரல் கொடுப்பார்.

நான் பி.ஏ. இலக்கியம் படித்தவள் என்பதால் அவளுடைய வீட்டுப்பாடம் என் பொறுப்பானது. பொறுப்பு என்று ஒன்று வந்துவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. கணக்கில் அவள் மோசம். தமிழில் வாங்குகிற மார்க்தான் அவளைத் தூக்கிவிட வேண்டும் என்று வீட்டில் எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

துணைப்பாடத்தில் ஒரு கதை. பஞ்ச காலத்தில் ஒரு தாய் இருக்கிற கஞ்சியை மகன்களுக்கு ஊற்றிவிட்டு, தான் முன்னமே குடித்துவிட்டதாகச் சொல்வாள். ஒரு நாள் சுருண்டு விழுந்து இறந்துபோவாள். "தாயின் தியாகத்தை விளக்கி எழுதுக" என்பது வீட்டுப்பாடம். விடையைத் தமிழ் மிஸ் வகுப்பிலேயே பலகையில் எழுதிப்போட்டிருந்தார். நாத்தனார் அதை எழுதவில்லை. "மகன்கள் ஒரு நாள்கூடப் பானையைத் திறந்து பார்க்கவில்லை. அம்மா பொய் சொல்வது அவர்களுக்கு வசதியாக இருந்தது" என்று ஆரம்பித்து ஒன்றரைப் பக்கம் எழுதியிருந்தாள். மூன்று வருடம் இலக்கியம் படித்தவர்கள்கூட அப்படி ஒரு வரி எழுதி நான் கண்டதில்லை. அந்தப் பக்கத்தைக் குறுக்கே அடித்துச் சிவப்பு மையில் சைபர் போட்டு, பெற்றோர் வந்து பார்க்கவும் என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள்.

மாமியாருக்குப் பள்ளிக்கூடம் என்றாலே நடுக்கம். நான்தான் போனேன். தமிழ் மிஸ் என்னைத் திட்டவில்லை. நாற்காலி இழுத்துப் போட்டு உட்காரவைத்து, தாழ்ந்த குரலில்தான் பேசினார். "நல்லாத்தாம்மா எழுதுறா. அதான் எனக்கு பயம். பப்ளிக்ல திருத்துறவங்க பாயின்ட்டைத்தான் தேடுவாங்க. இவ எழுதுறதைப் படிக்க யாருக்கு நேரம்? அதோட இங்க ரிசல்ட் குறையக்கூடாதுன்னு ஒன்பதாவதுலயே வடிகட்டிடுவாங்க. டி.சி.யைக் கையில கொடுத்துட்டா எங்க கூட்டிட்டுப் போவீங்க?"

வெயிலில் வீட்டுக்கு நடந்து வரும்போதே முடிவு செய்துவிட்டேன். அன்று முதல் பலகை விடைகளை அவளுக்கு மனப்பாடம் செய்விக்கத் தொடங்கினேன். சப்பாத்தி தேய்த்துக்கொண்டே ஒப்பிக்கச் சொல்லிக் கேட்பேன். ஒரு சொல் மாறினாலும் முதலிலிருந்து சொல்லவைப்பேன். "அந்தப் பசங்களைப் பத்தி ஒரு வரியாவது சேர்த்துக்கட்டுமா, அண்ணி?" என்று கெஞ்சினாள். "கூடாது. சொந்தமா எழுதினா சைபர்" என்றேன். மாடியில் நடப்பது நின்றுபோனது. சுவரைப் பார்த்து உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு உதட்டை அசைத்தாள். மாமியாருக்குச் சந்தோஷம். "இப்பத்தான் பிள்ளைக்குப் பொறுப்பு வந்திருக்கு" என்றார்.

முழுப்பரீட்சையில் அந்தக் கேள்வியே வந்தது. நான் வாசலில் காத்திருந்தேன். தமிழ்ப் பரீட்சை முடிந்து வந்தவள் செருப்பைக் கழற்றாமல் நின்றாள்.

"முதல் வார்த்தை வரலை, அண்ணி. அது வந்தா மத்தது வந்துடும். வரவே இல்லை. அதுக்கப்புறம் எந்த விடையும் வரலை."

"கதைதான் உனக்குத் தெரியுமேடி! தெரிஞ்சதை எழுதியிருக்கலாமே?"

அவள் என்னைப் புரியாமல் பார்த்தாள். "அதுக்குத்தான் மார்க் கிடையாதே" என்றாள்.

மேல்வகுப்புக்குப் போகிறவர்களின் பட்டியலில் அவள் பெயர் இல்லை. டி.சி.யில் மட்டும் தேர்ச்சி என்று எழுதிக் கையில் கொடுத்துவிட்டார்கள். என் கணவர் ஏறி இறங்கிய எந்தப் பள்ளியும் பத்தாம் வகுப்பில் புதிதாக ஆள் சேர்க்கவில்லை. கே.கே. நகரில் ஒரு டுடோரியலில் சேர்ந்து தனித்தேர்வு எழுதினாள். அங்கே கொடுத்த நோட்ஸை அப்படியே எழுதித் தேறினாள். பிறகு வடபழனியில் வரன் வந்தது. யாரும் அவள் விருப்பத்தைக் கேட்கவில்லை என்று சொல்லமாட்டேன், நானே கேட்டேன். "நீங்க என்ன சொல்றீங்களோ அதுதான், அண்ணி" என்றாள்.

இத்தனை வருடமும் நான் யோசித்துப் பார்க்கிறேன். தடுக்காமல் விட்டிருந்தால் அவள் சொந்தமாக எழுதி, சைபர் வாங்கி, அதே டி.சி.யோடு வந்திருப்பாள். எந்த வழியில் போனாலும் அந்த வாசலில்தான் போய் முடிகிறது. ஆனால் அந்த வழியில் போயிருந்தால் ஒன்றரைப் பக்கமாவது அவளுடையதாக இருந்திருக்கும். சில நாள் இப்படித் தோன்றுகிறது. சில நாள், பக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தோன்றுகிறது.

என் மகள் இப்போது ஒன்றாம் வகுப்பு. போன வாரம் நாத்தனார் வந்திருந்தபோது பள்ளியில் கொடுத்த கதைப் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு குழந்தை அவள் மடியில் ஏறியது. நாத்தனார் எழுத்து எழுத்தாக, ஏற்ற இறக்கம் இல்லாமல் வாசித்தாள். குட்டியைத் தொலைத்த ஒரு குரங்கின் கதை. நடுவில் குழந்தை நிறுத்தி, "அத்தை, எல்லாரும் சும்மா பாத்துட்டிருந்தாங்களே, அது தப்பில்ல?" என்று கேட்டது. சமையலறையில் என் கை நின்றது. நான் அந்தப் பழைய குரலுக்காகக் காத்திருந்தேன்.

"அம்மாகிட்ட போய்க் கேளு, கண்ணு. சரியான பதில் அவங்களுக்குத்தான் தெரியும்" என்றாள் நாத்தனார். குத்தலாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். உண்மையாகவே நம்பித்தான் சொன்னாள்.

குழந்தை ஓடி வந்து என் புடவையைப் பிடித்து இழுத்தது.