வத்தல் கமறல் என்று சொன்ன வீடு

விருதுநகரில் நான் வாழ்க்கைப்பட்டுப் போன வீட்டில் இருமலை யாரும் நோய் என்று மதித்ததில்லை. வீட்டின் முன்பாதி முழுக்கக் கிட்டங்கி, அதாவது சரக்கு அடுக்கும் கிடங்கு. மாசியில் ஆரம்பித்தால் சித்திரை முடிய மிளகாய் வத்தல் மூடைகள் வந்து இறங்கிக்கொண்டே இருக்கும். கூரை முட்ட அடுக்கிய மூடைகளுக்கு நடுவே ஒரு ஆள் நுழைகிற சந்து. தெருவுக்குப் போக வேண்டுமென்றாலும் அடுப்படிக்கு வர வேண்டுமென்றாலும் அதுதான் வழி. நெடி மூக்கில் ஏறாமல் ஒரு வாய் சோறு இறங்காது. சாமி கும்பிடும்போது இருமுவோம். பேசும்போது இருமுவோம். விருந்தாளி வந்தால் அவரும் இருமிக்கொண்டே, "எல்லாரும் சுகமா இருக்கீகளா?" என்று கேட்பார். இதற்கு வத்தல் கமறல் என்று பெயர். பெயர் வைத்ததோடு வைத்தியமும் முடிந்துவிடும். ஒரு துண்டு சித்தரத்தையை வாயில் அடக்கிக்கொண்டு அவரவர் வேலையைப் பார்க்க வேண்டியதுதான்.

அந்தச் சொல்லின் மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. அறுபது வருஷம் ஆகப்போகிறது. யாராவது தாளிக்கும்போது இருமிவிட்டு "கமறல்" என்றால் எனக்குச் சுருக்கென்று ஏறும். என் பேத்திகள் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும்.

அக்கா என்று நான் சொல்வது என் வீட்டுக்காரருடைய அண்ணன் மனைவியை. ஓரகத்திகள் என்றால் அடுப்படியில் முட்டிக்கொள்வார்கள் என்பது ஊர் நினைப்பு. எங்களுக்குள் அது வரவே இல்லை. கல்யாணமாகிப் போன முதல் வாரம் நான் குழம்பில் உப்பை அள்ளிக் கொட்டிவிட்டு முழித்துக்கொண்டு நின்றேன். "நாந்தான் தெரியாம ரெண்டாவது தரம் போட்டுட்டேன் அத்தை" என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாள் அக்கா. நான் சொல்லும் வருஷத்தில், அதாவது எனக்குக் கல்யாணமாகி ஏழாவது வருஷத்தில், அவளுக்கு ஆறு வயதில் ஒரு மகள். அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்கும்.

அந்த வருஷம் ஆனி மாதம் கிட்டங்கி காலியாகிவிட்டது. தரையைக் கழுவி விட்டோம். ஒரு வாரத்தில் வீட்டில் எல்லோருடைய இருமலும் நின்றது. அக்காவுடையது நிற்கவில்லை. சாயங்காலமானால் உடம்பு லேசாகச் சுட்டது. சித்திரையில் தைத்த ரவிக்கை தோளில் நிற்காமல் வழிந்தது. இதைப் பார்க்க டாக்டர் படிப்பு வேண்டியதில்லை, கண் இருந்தால் போதும். அந்த வீட்டில் கண்ணுக்கா பஞ்சம்? வத்தலில் ஒரு சோடைக் காய் கலந்திருந்தால் பத்தடி தூரத்திலேயே கண்டுபிடிக்கிறவர்கள் அவர்கள்.

அக்கா பிறந்தது சிவகாசி. அவளுடைய அப்பாவுக்கு அங்கே வெடிக் கம்பெனி. "பொறந்த ஊர்லயே கந்தகத் தூசியக் குடிச்சு வளந்தவ. அது இப்ப வெளிய வருது" என்றார் அத்தை, அதாவது எங்கள் மாமியார். அக்காவின் அம்மா ஒரு நாள் பார்க்க வந்தார். வந்தவர், "எங்க வீட்ல இருந்தவரைக்கும் எம்மக ஒரு தும்மல் போட்டதில்ல. இந்த வத்தல் நெடிதான்" என்றார். இரண்டு பேரும் அரை மணி நேரம், கந்தகமா வத்தலா என்று மரியாதை குறையாமல் மோதிக்கொண்டார்கள். அக்கா நடுவில் உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தாள். அவளிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

நான் ஆமத்தூர்க்காரி. சம்சாரி, அதாவது விவசாயி வீட்டுப் பெண் என்றாலும் ஒன்பதாவது வரை படித்தவள். அடுப்படி அலமாரியில் விரிக்கப் பழைய செய்தித்தாளை எடுத்தால் அதைப் படித்து முடிக்காமல் விரிக்க மாட்டேன். அப்படித்தான் அந்தச் செய்தி கண்ணில் பட்டது. பல வாரம் விடாத இருமல் இருந்தால் சளியைச் சோதித்துப் பார்க்க வேண்டும்; காசநோய்க் கிருமியை மைக்ராஸ்கோப்பில் கண்ணாலேயே பார்த்துவிடலாம். இனி சானடோரியத்தில் மாதக்கணக்கில் கிடக்க வேண்டாம். சென்னையில் வீட்டில் வைத்தே மாத்திரை கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். கட்டிலில் படுக்க வைத்து முட்டையும் பாலும் கொடுத்தவர்களுக்கு எப்படிக் குணமானதோ அப்படியே இவர்களுக்கும் குணமாகியிருக்கிறது. இதை நான் மூன்று தடவை படித்தேன். பிறகு அலமாரியில் விரிக்காமல் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். "அண்ணன் பாத்துக்கிடுவாரு" என்றார். அத்தையிடம் படித்துக் காட்டினேன். "அந்த நோய்ப் பேரை இந்த வீட்ல சொல்லாத. நாளைக்கு இந்தப் பிள்ளைய எவன் கட்டுவான்?" என்றார். ஆறு வயதுப் பிள்ளையின் கல்யாணத்துக்குக் கவலை. அதன் அம்மாவைப் பற்றிக் கவலை இல்லை. நான் விடவில்லை. தினமும் காலையிலும் சாயங்காலமும் அதையே சொன்னேன். என் நச்சரிப்புத் தாங்காமல் பத்து நாள் கழித்துப் பெரிய அத்தான் அக்காவை ஊரில் இருந்த ஓர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பெரிய அத்தான் என்றால் அக்காவின் கணவர்.

இங்கே எங்கள் வீட்டு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். டாக்டர் முன்னால் பெண்கள் வாய் திறக்க மாட்டார்கள். என்ன செய்கிறது என்று டாக்டர் கேட்பார். புருஷன் பதில் சொல்வார். அக்காவை வெளியே பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு டாக்டர் சொன்னதை எல்லாம் பெரிய அத்தான்தான் கேட்டுக்கொண்டார். அவரோ தம்பி மனைவியான என்னிடம் நேரில் பேச மாட்டார். நானும் அவர் எதிரில் நிற்க மாட்டேன். ஆகவே அவர் தன் அம்மாவிடம் சொல்வார், அம்மா என்னிடம் சொல்வார், நான் அக்காவிடம் சொல்ல வேண்டும். நோய் அக்காவுக்கு. சேதி அவளிடம் கடைசியாக வரும்.

ஆஸ்பத்திரியில் ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டி கொடுத்திருந்தார்கள். பெரிய அத்தான் அதை அத்தையிடம் நீட்டி, "காலைல இதுல துப்பிக் குடுக்கணுமாம்" என்றது என் காதில் விழுந்தது. அத்தை என்னிடம் வந்தபோது அது வளர்ந்திருந்தது. "நாளைக்குக் காலைல குளிச்சு, பல்லு வெளக்கி, வாயை நல்லாக் கொப்பளிச்சிட்டுத் துப்பச் சொல்லு. டாக்டரு கையில தொடுற சாமான். அசிங்கமாக் குடுத்து வீட்டு மானத்த வாங்கிராதீக."

பல் விளக்காமல் ஒரு டம்ளரைக்கூடத் தொடக் கூடாத வீடு அது. எனக்கு அது தப்பாகவே படவில்லை. நான் அந்தப் புட்டியைச் சீயக்காய் போட்டுக் கழுவி, வெந்நீர் ஊற்றி அலசி, வெயிலில் கவிழ்த்து வைத்தேன். காலையில் அக்கா குளித்து, பல் விளக்கி, நெற்றியில் விபூதி பூசிக்கொண்டு வந்து துப்பினாள். தெளிந்த தண்ணீர் மாதிரி இருந்தது. மூடியைத் திருகி, வெள்ளைத் துணியில் சுற்றி வைத்தேன். நன்றாகச் செய்துவிட்டோம் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மூன்றாம் நாள் ஒரு சீட்டு வந்தது. "கிருமி இல்லையாம்" என்றார் பெரிய அத்தான். அத்தை அந்தச் சீட்டை வாங்கிக் கண்ணில் ஒற்றி, மஞ்சள் தடவி, மாரியம்மன் படத்துக்குப் பின்னால் செருகினார். பிறகு என்னைப் பார்த்து, "பேப்பர் படிச்சவ என்ன சொல்லுத இப்ப?" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட நிம்மதியாக இருந்தது. வாயை மூடிக்கொண்டேன். நான் செய்த தப்புகளில் அதுவும் ஒன்று.

ஆடி மாதம் இருக்கன்குடி மாரியம்மன் கோயிலுக்குப் பொங்கல் வைக்கப் போனோம். நேர்த்திக்கடன் அக்கா பேரில். அதனால் அடுப்பை அவள்தான் பற்ற வைக்க வேண்டும் என்றார் அத்தை. ஆற்று மணலில் மூன்று கல்லைக் கூட்டி, ஈர விறகை ஊதி ஊதி, புகையில் இருமி இருமி அவள் பொங்கல் வைத்தாள். நான் போய் ஊதுகிறேன் என்றதற்கு அத்தை விடவில்லை. அக்கா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அதான் ஒண்ணுமில்லைன்னுட்டாகள்ல. இருக்கட்டும் விடு" என்றாள்.

கார்த்திகையில் ஒரு நாள் துணி துவைத்துக்கொண்டிருந்தவள் அப்படியே குனிந்தாள். துவைகல்லில் ரத்தம். அதற்கு அப்புறம்தான் மதுரைப் பெரிய ஆஸ்பத்திரி ஞாபகம் வந்தது அவர்களுக்கு. துணைக்கு நானும் போனேன். அங்கே ஒரு நர்ஸ் எங்களை நேரே பார்த்து, எங்களிடமே பேசினார்.

"நாளைக்குக் காலையில கண்ணு முழிச்சதும், பல்லு வெளக்குறதுக்கு முன்னாடி, நல்லா மூச்சை இழுத்து, அடிநெஞ்சிலருந்து இருமி எடுங்கம்மா. எச்சில் வேணாம். கோழைதான் வேணும். அதுலதான் கிருமி இருக்கும்."

இவ்வளவுதானா? நான்கு வாக்கியம். இந்த நான்கு வாக்கியத்தை எங்களிடம் ஒருத்தர் சொல்லியிருந்தால் போதாதா?

இந்தத் தடவை கிருமி இருந்தது. நெஞ்சை எக்ஸ்ரே படம் எடுத்தார்கள். இரண்டு பக்கமும் அரித்துவிட்டது என்றார் டாக்டர். இத்தனை நாள் என்ன செய்தீர்கள் என்று பெரிய அத்தானைக் கேட்டார். "ஆனி மாசமே பாத்தோம் சார். கிருமி இல்லைன்னு சீட்டுக் குடுத்தாக" என்றார் இவர். அந்தச் சீட்டு எங்கே என்றார் டாக்டர். வீட்டில் சாமி படத்துக்கிட்ட இருக்கிறது என்றார் இவர். டாக்டர் எழுத ஆரம்பித்தார். ஊசியும் மாத்திரையும் கொடுத்து, இனி கடவுள் விட்ட வழி என்று அனுப்பி வைத்தார்கள்.

தைப்பொங்கலுக்கு முன்னால் சாமி அறையை ஒட்டடை அடித்தேன். மாரியம்மன் படத்தை இறக்கியதும் சீட்டு விழுந்தது. மஞ்சள் கறை படிந்திருந்தாலும் எழுத்து தெரிந்தது. இங்கிலீஷில் மூன்று வரி. முதல் வரி, கிருமி காணப்படவில்லை. இரண்டாவது வரி, வந்தது வெறும் எச்சில். மூன்றாவது வரி, சளி எடுத்து மறுபடி அனுப்பவும்.

ஆறு மாதம் அந்தச் சீட்டுக்கு முன்னால் சூடம் காட்டியிருக்கிறோம்.

நான் நேரே முன்கட்டுக்குப் போனேன். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் முதல் தடவையாகப் பெரிய அத்தான் எதிரில் நின்று, முதல் தடவையாக அவரிடம் பேசினேன். "இதை நீங்க முழுசாப் படிச்சீகளா?"

அவர் வாங்கிப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "மொத வரியிலயே இல்லைன்னு போட்டிருந்துச்சு" என்றார்.

"பம்பாய்லருந்து வத்தல் விலை தந்தி வந்தா மொத வரியோட நிறுத்திருவீகளா?"

"ஏ புள்ள, யாருகிட்ட பேசுத?" என்று அத்தை ஓடி வந்தார். நான் நிறுத்தவில்லை. யார் யார் சொல்லாமல் விட்டார்கள், யார் கூட்டிச் சொன்னார்கள் என்று வீடு அதிரக் கத்தினேன். உங்கள் மானம்தான் அவளைத் தின்றது என்றேன்.

அப்போது பின்னறையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. சத்தம் இல்லை, காற்றுதான் வந்தது. நான் ஓடிப் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் கோபப்படவில்லை. சும்மா ஞாபகம் வந்தது போலச் சொன்னாள்.

"அன்னைக்கு எனக்குக் கோழை வந்துச்சு தாயி. இதையும் புட்டியில துப்பவான்னு உன்னத்தான் கேட்டேன். ச்சீ, அத வாறுகால்ல துப்பிட்டு, சுத்தமானத புட்டியில துப்புங்கக்கான்னு சொன்ன."

இதை நான் இதுவரை எழுதாமல் ஒளித்து வைத்திருந்தேன். அப்படித்தான் சொன்னேன். உண்மைதான். மருந்துக்கு வழி காட்டியிருக்க வேண்டியதை நான்தான் சாக்கடையில் துப்பச் சொன்னேன். செய்தித்தாளை இடுப்பில் செருகிக்கொண்டு அலைந்த அதே நான்.

பங்குனியில் அக்கா போய்விட்டாள். புது வத்தல் இறங்கிய வாரம் அது. துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் சந்துக்குள் இருமிக்கொண்டே வந்து, இருமிக்கொண்டே அழுதார்கள். என்ன செய்தது என்று கேட்டவர்களுக்கு அத்தை, "வத்தல் கமறல்தான். அப்பிடியே நெஞ்சுல தங்கிப்போச்சு" என்றார். ஒவ்வொருவரிடமும் அதையே சொன்னார். ஐந்தாவதோ ஆறாவதோ ஆளிடம் சொல்லும்போது நான் எழுந்து நின்று, "டி.பி. டி.பி.ல செத்தாக" என்றேன். கூடம் முழுக்க அமைதியானது. இருமல் மட்டும் நிற்கவில்லை.

பதினாறு கழிந்த மறுநாள் காலை எழுந்ததும் பல் விளக்காமல், வாய் கொப்பளிக்காமல், அத்தை பார்க்க அடுப்படிக்குள் போனேன். இரண்டு புட்டிகளை எடுத்தேன். ஒன்று எனக்கு, ஒன்று அக்காவின் மகளுக்கு.

"வாயைக் கொப்பளிக்காம எங்க வார?"

"இருமப் போறேன் அத்தை" என்றேன்.

பஸ் ஏறி மதுரைக்குக் கொண்டுபோனேன். டாக்டரிடம் நானே பேசினேன். சீட்டுகளைக் கடைசி வரி வரை நானே படித்தேன். பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. எனக்குக் கிருமி இருந்தது. எனக்கும் இருமல் இருந்திருக்கிறது. நானும் அதை வத்தல் என்றுதான் நினைத்திருக்கிறேன்.

சானடோரியம் இல்லை, முட்டை இல்லை, பால் இல்லை. அதே வீட்டில், சமைத்துக்கொண்டும் துவைத்துக்கொண்டும், தினமும் கை நிறைய மாத்திரையைக் குமட்டக் குமட்ட ஒரு வருஷம் விழுங்கினேன். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது. வருஷக் கடைசியில் படம் எடுத்துப் பார்த்துவிட்டுச் சுத்தமாகிவிட்டது என்றார் டாக்டர். செய்தித்தாளில் போட்டிருந்தது போலவே எல்லாம் நடந்தது. அக்காவின் மகளை நான் வளர்த்தேன், கட்டிக் கொடுத்தேன். அவள் பெற்ற பிள்ளைகள்தான் நான் சொன்ன பேத்திகள்.

எனக்கு இப்போது எண்பத்தைந்து. படி ஏறினால் மூச்சு வாங்குவதில்லை. நல்ல நெஞ்சு உங்களுக்கு என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அதைக் கேட்கும்போதுதான் எனக்கு மிகவும் கோபம் வருகிறது.